எல்லா நோடுக்கும் ஒரு டிரைவரா, நைனா?

நைனா, உனக்குப் படிப்பு கீது, சம்பளம் கீது, மேசை மேல ரெண்டு மானிட்டர் கீது. அப்புறம் ஏன் ராத்திரி ரெண்டு மணிக்கு பெங்களூருக்காரன் போன் போட்டு "டிரைவர் ஓடுதா, ஓடலையா"ன்னு கேட்டா, "ஓடுது சார், அப்பப்போ நின்னு ஓடுது"ன்னு பதில் சொல்றே? க்ராஷ்லூப்பேக்ஆஃப்புக்கு அதுதான் விளக்கம்னே வெச்சுக்குவோம். சம்பளம் குடுக்கிறவன்கிட்ட அப்படியா சொல்றது?

கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காதே. கொரோனாவுல நீ ஆபீசை வூட்டுக்குள்ள கொண்டாந்தியே, உங்க ஆளுங்க பேசினது பூரா ஸ்பீக்கர்ல தான் வந்தது. நான் பக்கத்துல வெத்தலை மென்னுக்கிட்டே கேட்டேன். மாங்கா மண்டியில கணக்கு எழுதினவன் நான். எந்தச் சரக்கு எங்க இறங்கணும், யார் இறக்கணும்ங்கிற பஞ்சாயத்து எனக்குப் புதுசு இல்ல. 2022 ஏப்ரல்ல மாவட்டத்தைப் பிரிச்சாங்க, நீ திருப்பதி மாவட்டத்துக்காரன் ஆயிட்டே, நான் சித்தூர்லயே நின்னுட்டேன். அதனால உனக்குப் புத்தி சொல்ற உரிமை எனக்குப் போயிடுச்சுன்னு மட்டும் நெனச்சுக்காதே.

மொதல்ல உங்க கிளஸ்டர். நல்ல என்விஎம்இ டிஸ்க் வெச்ச இன்டெல் மெஷினுங்க கொஞ்சம். கரன்ட் பில்லு கம்மியாகும்னு யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கின ஏஆர்எம் மெஷினுங்க கொஞ்சம். பழைய பில்லிங் சாஃப்ட்வேரை எழுதினவன் அமெரிக்கா போயிட்டதால தொடவே பயந்துக்கிட்டு வெச்சிருக்கிற விண்டோஸ் மெஷின் ரெண்டு. "ஏஐ வரும், ஏஐ வரும்"னு முதலாளி வாங்கி வெச்ச ஜிபியூ மெஷின் ஒண்ணு. அது மேல யாரும் ஏறக்கூடாதுன்னு ஒரு டெயின்ட். எல்லாத்தையும் ஒரே குபர்நெட்டிஸ் கயித்துல கட்டி, "மிக்ஸ்டு கிளஸ்டர்"னு பேரு வெச்சுட்டீங்க. பேரு நல்லாத்தான் கீது.

இதுல நீ ஸ்டோரேஜ் டிரைவரை டீமன்செட்டா எறக்கினே, அதாவது நோடுக்கு ஒரு பாட். நோடு செலக்டர் ஒண்ணும் எழுதலை. டாலரேஷன் எழுதற எடத்துல மட்டும் "ஆபரேட்டர்: எக்ஸிஸ்ட்ஸ்"னு ஒத்தை வரி. கீ இல்ல, வேல்யூ இல்ல. எந்த டெயின்ட் இருந்தாலும் கவலை இல்லாம உள்ள போன்னு அர்த்தம். சொன்ன சொல்லு தட்டாத டீமன்செட், எல்லா எடத்துக்கும் போச்சு. ஏஆர்எம் மெஷின்ல "எக்ஸெக் ஃபார்மட் எரர்"னு வாயைப் பொளந்துச்சு, ஏன்னா உள்ள இருந்த பைனரி இன்டெலுக்குக் கட்டினது. விண்டோஸ்ல இமேஜே இறங்கலை, அந்த பிளாட்ஃபார்முக்கு இமேஜ் இல்லைன்னுடுச்சு. ஜிபியூ மெஷின்ல நல்லாத்தான் ஓடுச்சு, ஆனா அங்க டிஸ்க் கேக்கிற ஆளே இல்ல.

உடனே என்ன சொன்னே? "சும்மா செத்துக் கிடக்குது தாத்தா, யாருக்கு நஷ்டம்?"

நஷ்டம் யாருக்குன்னு நான் சொல்றேன். டீமன்செட்டோட ரோலிங் அப்டேட்ல, ஒரே நேரத்துல எத்தனை பாட் வேலைக்கு ஆகாம இருக்கலாம்ங்கிற கணக்கு, நீ மாத்தலைன்னா 1 தான். ஏஆர்எம் நோடுல ஒண்ணு செத்துக் கிடக்குதில்ல, அந்த ஒரு எடத்தை அதுவே புடிச்சுக்கும். புது வெர்ஷன் மத்த நோடுகளுக்குப் போகாம அப்படியே நிக்கும். ஓட்டை அடைக்கிற பேட்ச் வந்திருக்கும், நீயும் அப்ளை பண்ணியிருப்பே, இன்டெல் நோடுங்க பழசுலயே ஓடிக்கிட்டு இருக்கும். மானிட்டர்ல எப்பவுமே ரெண்டு மூணு செவப்பு தெரியறதால, நெசமாவே ஒரு நல்ல நோடுல டிரைவர் விழுந்த அன்னிக்கு நீ அதை ஏறெடுத்தும் பாக்கமாட்டே. "அது எப்பவும் அப்படித்தான் சார்"னு சொல்லிப் பழகிட்டே இல்ல?

சரேலே, டிரைவருன்னா இன்னா, அது எதுக்கு அங்க போகுதுன்னு பாப்போம். முன்னாடியெல்லாம் ஒவ்வொரு கம்பெனி டிஸ்குக்கும் வேண்டிய கோடு குபர்நெட்டிஸ் வயித்துக்குள்ளயே இருந்துச்சு. டிஸ்க்காரன் ஒரு தப்பைத் திருத்தணும்னா, குபர்நெட்டிஸோட அடுத்த ரிலீஸ் வர்ற வரைக்கும் கன்னத்துல கை வெச்சுக்கிட்டு உக்காரணும். அதை வெளிய எடுத்துப் போடத்தான் சிஎஸ்ஐன்னு ஒரு பொது ஒப்பந்தம் வந்துச்சு. 2017 டிசம்பர்ல 1.9 வெர்ஷன்ல ஆல்பாவா தலை காட்டி, ஒரு வருஷம் கழிச்சு 1.13ல நிலைச்சுது. அன்னியிலிருந்து டிரைவருங்கிறது இன்னொரு பாட். பாட்னு ஆன பொறகு, "எந்த நோடுல?"ங்கிற கேள்வி அதுக்கும் உண்டு. அந்தக் கேள்விக்குத்தான் நீ பதிலே எழுதலை.

அதுவும் ஒரு ஆள் இல்ல, ரெண்டு ஆள். ஒருத்தன் கன்ட்ரோலர். பிவிசி வந்தா டிஸ்க் உண்டாக்கறது, நோடோட சேக்கறது, பெருசாக்கறது, ஸ்னாப்ஷாட் எடுக்கறது எல்லாம் அவன் பொறுப்பு. ப்ரொவிஷனர், அட்டாச்சர், ரீசைசர்னு கூட சைட்கார் கும்பல் ஒண்ணு இருக்கும். இவன் டிஸ்க் இருக்கிற மெஷின்லயே உக்காரணும்னு கட்டாயம் இல்ல. டிப்ளாய்மென்ட்டா ரெண்டு பிரதி, ரெண்டும் வேற வேற நோடுல, ஆட்டோஸ்கேலர் நெனச்சப்போ தூக்கிடாத மெஷின்ல இருந்தா போதும். ஸ்பாட் மெஷின்ல இவனை உக்கார வெச்சுட்டு, "பிவிசி பெண்டிங்லயே கீது தாத்தா"ன்னு வராதே.

ரெண்டாவது ஆள் நோடு பிளக்இன். டீமன்செட்ல ஓடறவன் இவன்தான். ப்ரிவிலெஜ்டு பாடா, க்யூப்லெட்டோட டைரக்டரிக்குள்ளயே கையை விட்டு, மவுண்ட்டும் அன்மவுண்ட்டும் பண்றவன். கூட ஒரு ரெஜிஸ்ட்ரார் சைட்கார் போயி, இந்த நோடுல இந்த டிரைவர் கீதுன்னு க்யூப்லெட் காதுல போடும். க்யூப்லெட் அதை சிஎஸ்ஐநோடுங்கிற ஆப்ஜெக்டுல எழுதி வெச்சுக்கும். "க்யூப்சிடிஎல் கெட் சிஎஸ்ஐநோடு"ன்னு ஒரு தடவையாச்சும் அடிச்சுப் பாத்திருக்கியா? எந்த நோடுல எத்தனை டிரைவருன்னு ஒரே பார்வையில தெரியும். இல்ல, பாக்கலை. டேஷ்போர்டு கலரா இருக்குதேன்னு அதையே பாத்துக்கிட்டு இருக்கே.

இப்ப இந்த டெயின்ட், டாலரேஷன், அஃபினிட்டி. இந்த மூணையும் நீ ஒண்ணாப் போட்டுக் குழப்பறே. இதுக்கு மட்டும் நம்ம ஊர் மாங்காயை இழுக்கறேன், பொறுத்துக்கோ. 2025 ஜூன் மாசம் நடந்தது மறந்திருக்காது. தோத்தாபுரி அமோகமாக் காய்ச்சு விலை படுத்துப் போச்சு. கூழ் ஃபாக்டரி வாசல்ல டிராக்டருங்க நாள் கணக்கா நின்னுச்சு. ஃபாக்டரிக்காரன் கிலோவுக்கு 8 ரூபா, அரசாங்கம் 4 ரூபா, ஆக 12ன்னு சொன்னாங்க. நம்ம காயே வாசல்ல அழுகும்போது கோலார் பக்கத்துக் காய் வேறயான்னு, ஜூன் 7ஆம் தேதி சித்தூர் கலெக்டர் வெளி மாநிலத்துத் தோத்தாபுரி மாவட்டத்துக்குள்ள வரக்கூடாதுன்னு உத்தரவு போட்டார். எல்லையில போலீஸ், ரெவின்யூ, வனத்துறைன்னு ஆளுங்க நின்னாங்க. எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீனிவாசபுரத்து விவசாயிங்க கொதிச்சாங்க. சித்தராமையா நம்ம சந்திரபாபுவுக்கு லெட்டர் எழுதினார்.

எல்லையில நின்ன அந்தத் தடை தான் டெயின்ட். எடம் சொல்றது: "நீ வராதே". நோஷெட்யூல்னா புதுசா எவனும் உள்ள வரக்கூடாது, ஏற்கெனவே உள்ள வந்து எடை போட நிக்கிற லாரி நின்னுட்டுப் போகட்டும். ப்ரிஃபர்நோஷெட்யூல்னா, முடிஞ்சா வராதே, வேற வழி இல்லைன்னா வந்து தொலை. நோஎக்ஸிக்யூட்னா உள்ள நிக்கிறவனையும் கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளு. டாலரேஷன்ங்கிறது கையில இருக்கிற சீட்டு. சீட்டைக் காட்டினா நங்கிலி எல்லையைத் தாண்டலாம், அவ்ளோதான். சித்தூருக்குத்தான் போகணும்னு அந்தச் சீட்டு சொல்லலை. லாரிக்காரன் வண்டியைத் திருப்பிக்கிட்டு கிருஷ்ணகிரி ஃபாக்டரிக்கும் போவான், அவனைத் தடுக்க சீட்டுல ஒண்ணும் இல்ல. "இந்த லோடு சித்தூர்ல இந்த ஃபாக்டரியிலதான் இறங்கணும்"னு சரக்கு மேல எழுதியிருந்தா, அது அஃபினிட்டி. எடம் சொல்றது ஒண்ணு, சரக்கு சொல்றது இன்னொண்ணு. நீ டாலரேஷனை எழுதிட்டு, டிரைவர் சரியான எடத்துக்குத் தன்னாலப் போயிடும்னு படுத்துத் தூங்கினே. மாங்காயை இதோட மூட்டை கட்டிடறேன். கேட்டுக் கேட்டு உனக்குப் பல்லு கூசும்.

உடனே ரோஷம் வந்து, டாலரேஷனைப் பூரா அழிச்சுடாதே. நோடு பிளக்இன்னுக்கு அது அகலமாத்தான் இருக்கணும். ஏன்னு கேளு. ஜிபியூ டீம்காரன் ஒரு நாள் சாயங்காலம், உன்கிட்ட சொல்லாம, அவன் மெஷின் மேல ஒரு நோஎக்ஸிக்யூட் டெயின்ட் போடறான். அவனோட வேலைங்களுக்கு டாலரேஷன் இருக்குது, அதுங்க நின்னுடும். உன் டிரைவருக்கு இல்லைன்னா அது வெளிய போயிடும். ஓடிக்கிட்டு இருக்கிற மவுண்ட் ஓடிக்கிட்டே இருக்கும்னாலும், புதுசா வர்ற பாடுக்கு மவுண்ட் பண்ண ஆள் இல்ல, முடிஞ்ச பாடுக்கு அன்மவுண்ட் பண்ண ஆள் இல்ல. டீமன்செட் பாடுகளுக்கு நாட்-ரெடி, அன்ரீச்சபிள், டிஸ்க் பிரஷர், மெமரி பிரஷர் மாதிரி சிஸ்டம் போடற டெயின்ட்டுக்கெல்லாம் டாலரேஷன் தன்னாலயே வந்து ஒட்டிக்கும். மனுஷன் போடற டெயின்ட்டுக்கு வராது. அமேசானோட இபிஎஸ் டிரைவர் சார்ட்ல, நோடு பாடுங்க எல்லா டெயின்ட்டையும் பொறுத்துக்கும்னு தான் எழுதி வெச்சிருக்காங்க. கூடவே, எந்த மாதிரி நோடுக்குப் போகக்கூடாதுன்னு அஃபினிட்டியும் எழுதியிருக்காங்க. நீ அதுல மொத பாதியைக் காப்பி அடிச்சே. ரெண்டாம் பாதி ஸ்க்ரீன்ல கீழ இருந்துச்சு போல, ஸ்க்ரோல் பண்ணக் கை வலிச்சுதோ என்னமோ.

டாலரேஷன் அகலம், அஃபினிட்டி இறுக்கம். வேணும்னா எழுதி மானிட்டர் மேல ஒட்டிக்கோ. ரெண்டு மானிட்டர் இருக்குதே, ரெண்டுலயும் ஒட்டு.

இறுக்கறதுலயும் நீ ஒரு கூத்து பண்ணுவேன்னு எனக்குத் தெரியும். அந்த எழுத்தோட பேரைப் பாரு: ரெக்வயர்ட்-டியூரிங்-ஷெட்யூலிங்-இக்னோர்ட்-டியூரிங்-எக்ஸிக்யூஷன். பல்லு கட்டின கிழவனை ஒரே மூச்சுல சொல்லச் சொன்னா செட்டு கையில வந்துடும். அதுக்குக் கீழ நோடு செலக்டர் டெர்ம்ஸ்னு ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியல்ல ஒரு கோடு போட்டு "ஆர்ச் ஏஎம்டி64", அடுத்த கோடு போட்டு "ஓஎஸ் லினக்ஸ்"னு எழுதினா, ரெண்டும் சேந்து இருக்கணும்னு தானே நெனைப்பே? இல்ல. தனித்தனி டெர்ம்னா, ரெண்டுல ஏதோ ஒண்ணு சரியா இருந்தா போதும். உன் ஏஆர்எம் மெஷின் லினக்ஸ் தானே, ரெண்டாவது வாசல் வழியா ஜம்முனு உள்ள வரும். உன் விண்டோஸ் மெஷின் இன்டெல் தானே, மொத வாசல் வழியா வரும். ரெண்டும் சேந்து வேணும்னா, ஒரே டெர்முக்குள்ள மேட்ச் எக்ஸ்பிரஷன்ஸ்ல ரெண்டு வரியா எழுதணும். ஒரு ஹைஃபன் தள்ளி விழுந்ததுல ராத்திரித் தூக்கம் போனவங்க உன்னை மாதிரி நெறைய பேர் இருப்பாங்க.

இன்னொண்ணு. "நாட்இன்"னு எழுதினா, அந்த லேபிளே இல்லாத நோடும் தேறிடும். லேபிள் ஒட்ட மறந்த மெஷினுக்கெல்லாம் டிரைவர் போய்ச் சேரும். எது வேணாம்னு எழுதறதா, எது வேணும்னு எழுதறதாங்கிறதை முடிவு பண்ணிட்டு எழுது. தெனம் புது மெஷின் வர்ற எடத்துல "வேணும்" பட்டியலைத்தான் நான் நம்புவேன். மறந்தா டிரைவர் போகாம நிக்கும், அது உடனே தெரிஞ்சுடும். மத்த தப்பு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும்.

பாட் ஸ்பெக்ல "ஓஎஸ் நேம்: லினக்ஸ்"னு போட்டுட்டேன் தாத்தான்னு நீ வாயைத் தொறக்கறது தெரியுது. அதை ஷெட்யூலர் பாக்கறது இல்ல, நைனா. தப்பான நோடுக்கு வந்த பாட்டை க்யூப்லெட் திருப்பி அனுப்பும், அதுக்குத்தான் அது உதவும். எடம் காட்டறதுக்கு லேபிள் தான் வேணும். குபர்நெட்டிஸ்.ஐஓ/ஓஎஸ், குபர்நெட்டிஸ்.ஐஓ/ஆர்ச் ரெண்டையும் க்யூப்லெட்டே ஒட்டி வெச்சிருக்குது. சும்மா கிடைக்கிறதை வாங்கிக்கறதுக்கு என்ன கேடு?

இப்ப பக்கத்து ஊர் சரக்கு ஒண்ணு. ஓப்பன்இபிஎஸ் கேள்விப்பட்டிருப்பே, நீ எறக்கினதே அதுதானே. குபர்நெட்டிஸ் ஸ்டோரேஜுக்காக, பெங்களூர்ல வேர் விட்ட மாயாடேட்டா கம்பெனி கொண்டாந்தது. 2019 மே மாசம் சிஎன்சிஎஃப் சாண்ட்பாக்ஸ்ல சேந்துச்சு. 2021 நவம்பர்ல மாயாடேட்டாவை டேட்டாகோர் வாங்கிக்கிச்சு. சாஃப்ட்வேர் தொறந்த சரக்காவே இருக்குது. அதுல மாயாஸ்டோர்னு ஒரு என்ஜின். அதை எங்க ஓட்டறதுங்கிறதைப் பாத்தாலே இந்தப் பாடம் பூரா வந்துடும்.

மாயாஸ்டோரோட ஐஓ என்ஜின், டிஸ்க் இருக்கிற நோடுலதான் இருக்கணும். அதுக்கு "ஓப்பன்இபிஎஸ்.ஐஓ/என்ஜின்=மாயாஸ்டோர்"னு நீ கையால லேபிள் ஒட்டணும். ஒட்டினா அங்க போகும், ஒட்டலைன்னா போகாது. அந்த நோடுல 2 எம்பி ஹியூஜ் பேஜ் 1024 ஒதுக்கி வெக்கணும், அதாவது முழுசா 2 ஜிபி மெமரி அதுக்கே. குடுத்த சிபியூ கோரை அது எப்பவும் நூத்துக்கு நூறு சுத்திக்கிட்டே இருக்கும். வேலை இருக்குதோ இல்லையோ, "வேலை வந்துச்சா, வந்துச்சா"ன்னு பாத்துக்கிட்டே இருக்கிற சுபாவம் அதுக்கு. வேகத்துக்காக அப்படித்தான் கட்டியிருக்காங்க, தப்பு இல்ல. ஆனா அந்த லேபிளை நீ "எல்லாத்துக்கும் ஒட்டிடுவோம், எதுக்கு வம்பு"ன்னு டிஸ்கே இல்லாத மெஷின்லயும் ஒட்டினா, அந்த மெஷின்ல ரெண்டு கோரும் ரெண்டு ஜிபியும் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஒண்ணுமே இல்லாததுக்கு உழைக்கும். கரன்ட் பில்லு கம்மியாகும்னு ஏஆர்எம் வாங்கினவன் இதைப் பாத்தா அழுவான்.

என்ஜின் அங்க இருந்தா போதாது. டிஸ்க் கேக்கிற பாட் வேற நோடுல ஓடும். என்ஜின் தன்னோட டிஸ்கை நெட்வொர்க் வழியா, என்விஎம்இ ஓவர் டிசிபியில, அந்த நோடுக்குக் குடுக்கும். அங்க வாங்கி மவுண்ட் பண்ண சிஎஸ்ஐ நோடு பிளக்இன் வேணும், கர்னல்ல என்விஎம்இ-டிசிபி மாட்யூல் ஏறியிருக்கணும். அப்போ என்ஜின் போற நோடு ஒரு பட்டியல், பிளக்இன் போற நோடு வேற பட்டியல், கன்ட்ரோலர் போற நோடு இன்னொரு பட்டியல். மூணுல ஒண்ணுக்குக்கூட செலக்டர் எழுதாதவன் நீ. சார்ட்ல அவங்களே ஆர்ச் ஏஎம்டி64ன்னு செலக்டர் போட்டுத்தான் குடுத்தாங்க. அதை எடுத்துட்டுத்தானே ஏஆர்எம்முக்கு அனுப்பினே? "எதுக்கு இந்த வரி, குறுக்க நிக்குது"ன்னு நீ சொன்னது ஸ்பீக்கர்ல எனக்குக் கேட்டுச்சு.

டிரைவரைச் சரியா நிறுத்திட்டா முடிஞ்சுதுன்னு எழுந்திருக்காதே, உக்காரு. இப்பத்தான் நெசமான பஞ்சாயத்து. ஏஆர்எம் நோடுல டிரைவர் இல்ல, சரி. டேட்டாபேஸ் பாட் அங்க போகாதுன்னு யார் சொன்னது? பொதுவா ஷெட்யூலர் "இந்த பாட் கேக்கிற டிஸ்குக்கு உண்டான டிரைவர் இந்த நோடுல கீதா"ன்னு தேடிப் பாக்கறது இல்ல. சிபியூ இருக்குதா, மெமரி இருக்குதா, டெயின்ட் தடுக்குதா, வால்யூம் மேல எழுதின டோபாலஜி ஒத்துப் போகுதான்னு பாக்கும். டோபாலஜி எழுதாத ஸ்டோரேஜ் கிளாஸ்னா, ஏஆர்எம் நோடு காலியா இருக்குதேன்னு பாட்டை அங்க உக்கார வெச்சுடும். அப்பால அது கன்டெய்னர் கிரியேட்டிங்லயே கிடக்கும். ஈவென்ட்ல பாத்தா, சிஎஸ்ஐநோடுல இந்த டிரைவர் இல்லைன்னு ஒரு வரி வரும். நீ ஸ்டோரேஜ் கோளாறுன்னு டிஸ்க் டீமை எழுப்புவே, அவன் நெட்வொர்க் டீமை எழுப்புவான். காலையில எல்லாரும் காபி குடிக்கும்போது, ஒரு லேபிள் இல்லாததுதான் காரணம்னு தெரியும்.

அதனால டிரைவர் போற நோடுங்களும் டிஸ்க் கேக்கிற பாடுங்க போற நோடுங்களும் ஒரே லேபிள்ல நிக்கணும். "டிஸ்க் உண்டு"ன்னு ஒரு லேபிள் நீயே வெச்சுக்கோ, டீமன்செட்டும் அதையே பாக்கட்டும், டேட்டாபேஸும் அதையே பாக்கட்டும். ஸ்டோரேஜ் கிளாஸ்ல அலவ்டு டோபாலஜீஸ் எழுதற வசதி உன் டிரைவருக்கு இருந்தா அதையும் எழுது. ஒரு எச்சரிக்கை: அந்த லேபிளை வெளியாள் கையில இருக்கிற மெஷின் தனக்குத் தானே ஒட்டிக்கக் கூடாதுன்னா, நோடு-ரெஸ்ட்ரிக்ஷன்.குபர்நெட்டிஸ்.ஐஓன்னு ஆரம்பிக்கிற பேரா வை. நோடு ரெஸ்ட்ரிக்ஷன் அட்மிஷன் ஓடற கிளஸ்டர்ல க்யூப்லெட்டால அதைத் தொட முடியாது.

கிளவுடுக்குப் போயிட்டா இதெல்லாம் இல்லைன்னு உங்க மேனேஜர் சொல்றாரு. பாவம், நல்ல மனுஷன். அமேசான்ல ஃபார்கேட்னு ஒண்ணு கீது, அதுல டீமன்செட்டே ஓடாது. இபிஎஸ் டிஸ்கும் மவுண்ட் ஆகாது. கன்ட்ரோலர் மட்டும் வேணா அங்க உக்காரும். 2024 டிசம்பர்ல ஹைப்ரிட் நோடுன்னு விட்டாங்க. நம்ம ரேணிகுண்டா ரோட்டுல ஒரு ரூமுக்குள்ள இருக்கிற மெஷினைக்கூட அவங்க கிளஸ்டர்ல சேத்துக்கலாம். அதுக்கு இபிஎஸ் டிஸ்கை எப்படி மாட்டுவே? ஹைதராபாத்ல இருந்து ஒயரா இழுப்பே? அதனாலதான் இபிஎஸ் டிரைவரோட அஃபினிட்டியில கம்ப்யூட் டைப் ஃபார்கேட்டும் ஹைப்ரிட்டும் வேணாம்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க. ஹைதராபாத் ரீஜியன் 2022 நவம்பர்ல வந்துச்சு, மூணு ஜோன். ஒரு ஜோன்ல உண்டாக்கின இபிஎஸ் டிஸ்க் அடுத்த ஜோன் மெஷின்ல மாட்டாது. ஸ்டோரேஜ் கிளாஸ்ல வெயிட் ஃபார் ஃபர்ஸ்ட் கன்ஸ்யூமர்னு போட்டா, பாட் எங்க உக்காருதுன்னு பாத்துட்டு அங்கயே டிஸ்க் உண்டாகும். இமீடியட்னு விட்டா டிஸ்க் ஒரு ஜோன், பாட் ஒரு ஜோன், நடுவுல "வால்யூம் நோடு அஃபினிட்டி கான்ஃப்ளிக்ட்".

விண்டோஸ் ரெண்டும் நெஞ்சுல முள்ளா உறுத்துதுன்னு தெரியும். 2019 மார்ச்ல 1.14 வந்தப்போ விண்டோஸ் நோடு நிலையான ஆதரவுக்கு வந்துச்சு. ஆனா அங்க ப்ரிவிலெஜ்டு கன்டெய்னர் கிடையாது, மவுண்ட் பண்ற வேலையை சிஎஸ்ஐ ப்ராக்ஸின்னு ஒண்ணு வெளிய நின்னு செஞ்சு குடுத்துச்சு. 2022 டிசம்பர்ல 1.26ல ஹோஸ்ட் பிராசஸ் கன்டெய்னர் நிலைச்ச பொறகு கொஞ்சம் லேசாச்சு. விண்டோஸுக்கு ஆதரவு இருக்கிற டிரைவருங்க அதுக்குன்னே தனி டீமன்செட் குடுக்கறாங்க. உன் மாயாஸ்டோர் குடுக்கலை. அப்போ அந்த பில்லிங் டேட்டாவை எஸ்எம்பி ஷேர்ல வை, லினக்ஸ் டிரைவரை அந்தப் பக்கம் தலை காட்ட விடாதே. வேலை முடிஞ்சுது.

கடைசியா ஒரு சமாச்சாரம், இதுல தான் நீ நிச்சயமா மாட்டுவே. தப்பா ஒட்டின லேபிளை இன்னிக்கே எடுத்துடறேன்னு துள்ளிக்கிட்டு நிக்கறே. "இக்னோர்ட் டியூரிங் எக்ஸிக்யூஷன்"னு பேர்லயே இருக்குது, ஓடற பாட்டை ஒண்ணும் பண்ணாதுன்னு நம்பறே. மத்த பாடுக்கு அது சரி. டீமன்செட்டோட கதை வேற. லேபிள் பொருந்தலைன்னா அந்த நோடுல இருக்கிற அதோட பாட்டை உடனே எடுத்துடும். அங்க டிஸ்க் மாட்டின பாட் ஏதாச்சும் ஓடிக்கிட்டு இருந்தா, அது சாகும்போது அன்மவுண்ட் பண்ண ஆள் இருக்காது. டெர்மினேட்டிங்லயே தொங்கும். ஃபியூஸ் வழியா மவுண்ட் பண்ற டிரைவரா இருந்தா இன்னும் மோசம், டிரைவர் போனவுடனே மவுண்ட்டும் சேந்து போயிடும். அதனால மொதல்ல கார்டன் பண்ணு. அப்பால டிரெயின் பண்ணு, அதுல இக்னோர்-டீமன்செட்ஸ் போடறதால டிரைவர் அங்கயே நின்னு எல்லாத்தையும் அன்மவுண்ட் பண்ணிக் குடுக்கும். வால்யூம் அட்டாச்மென்ட் பட்டியல்ல அந்த நோடு பேரு இல்லைன்னு கண்ணால பாரு. அதுக்கப்புறம் லேபிளை எடு. இந்த வரிசையை மாத்தினா என்கிட்ட வராதே.

புது மெஷின் ரெண்டு வருதுன்னு சொன்னியே, இன்டெலா, ஏஆர்எம்மா? அதுல டேட்டாபேஸ் ஓடுமா, ஓடாதா? முதலாளியைக் கேட்டியா? கேக்கலை. போ, போயி கேட்டுட்டு வா, அதுக்குள்ள அந்த டீமன்செட் ஃபைலை நான் படிச்சு வெக்கறேன். எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கிட்டுப் போ.